இலைக்கு இரண்டு இறால்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனாவை எடுத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது. அதுவும் இரண்டாம் தடவை எழுதித் தேறியது. இதுவரை நான் எழுதியவற்றில் பெரியது ஒரு லீவு லெட்டர். அதையும் நேரில் கொடுக்கக் கூச்சப்பட்டு, மேனேஜர் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடி வந்தவன். (காற்றில் பறந்துவிட்டது. ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.)

ஆனாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நெட்டுக்குப்பத்தில் நடந்த அந்த விஷயத்தை எங்கள் வீட்டிலும் என்னோடு வேலை பார்த்த தேசிங்கு வீட்டிலும் சொல்லிச் சொல்லி, வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் முழங்கால் என்றார்கள். பிறகு இடுப்பு. போன பொங்கலுக்குக் கழுத்தளவு தண்ணீர் என்றும், அப்போதும் நான் சிரித்துக்கொண்டே கை ஆட்டினேன் என்றும் என் மகளே சொன்னாள். அவள் அப்போது பிறக்கவே இல்லை. முழங்கால்தான். இதை எழுத்தில் பதிந்து வைக்க விரும்புகிறேன்.

இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்திக்கொண்டிருந்த சமயம். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் பெட்டிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நான்கு எழுத்து, ஏழு எண். அடுத்த பெட்டி. நான்கு எழுத்து, ஏழு எண். காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஆறு வரை இதுதான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியாகத் தெரிந்ததும் பெட்டிதான்.

ஒரு நாள் மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். சோறு ரோஸ் கலரில் இருந்தது.

ஏதோ பீட்ரூட் சாதம் போலிருக்கிறது என்று சாப்பிட்டேன். வெறும் ரசம் சாதம். மறுநாள் தயிர் சாதமும் ரோஸ். சுவர் ரோஸ். மேனேஜரின் வெள்ளைச் சட்டை லேசான ரோஸ். அவரிடம் போய் அதைச் சொல்லவா முடியும்? வீட்டுக்கு வந்து என் மனைவி கோமதியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இன்னாய்யா சொல்ற? சோறு ரோஸா கீதா? ரேசன் அரிசினு குத்திக் காட்டுறியா?"

"இல்ல கோமதி, சுவரும் ரோஸாத்தான்..."

"சொவத்துக்கும் நான்தான் சுண்ணாம்பு அடிக்கணுமா?"

புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீடு எங்களுடையது. ஒரே அறை. கோமதி பேச ஆரம்பித்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும். நான் பேசினால் கோமதிக்கே கேட்காது. அப்படி ஒரு ஜோடி.

கடைசியில் அவளே என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கண்ணுல ஒண்ணும் இல்ல. நாள் முழுக்கப் பச்சை எழுத்தையே பார்த்தா, வெள்ளை இப்படித்தான் ரோஸாத் தெரியும். கண்ணு சலிச்சுப்போயிருக்கு. லீவு நாள்ல வெளியில போங்க. மரம், தண்ணி, வானம்னு தூரமாப் பாருங்க. டி.வி. வேண்டாம். மருந்து எதுவும் தேவையில்ல."

மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

முதல் பிரச்சினை டி.வி. ஒரே அறையில் டி.வி.யைப் பார்க்காமல் இருப்பது எப்படி? "உன் கண்ணுக்காவ நான் நாடகத்த உட முடியாது. நீ அந்தாண்ட திரும்பிக் குந்து" என்றாள் கோமதி. குந்தினேன். சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் ஒரு தொடரைக் காதால் மட்டும் கேட்டேன். பாவம் அந்தப் பெண் என்று நான் உருகிக்கொண்டிருந்த குரல், அதில் வரும் கொடுமைக்கார மாமியாருடையது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டாவது பிரச்சினை மரம். எங்கள் பிளாக்குக்குக் கீழே ஒரே ஒரு புங்க மரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் எதிரே நின்று இலை இலையாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மரத்துக்கும் எனக்கும் நடுவில் அடிபம்ப் இருப்பதையும், அங்கே பெண்கள் தண்ணீர் அடிப்பதையும் நான் கவனிக்கவில்லை. "யோவ், இன்னா ரொம்ப நேரமா மொறைச்சிகினு கீற?" என்று ஒருத்தி குடத்தைக் கீழே வைத்தாள். மரத்தைப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இல்லை. "உன் மூஞ்சிக்கு மரத்தப் பாக்கறேன்னு சொன்னா எவ நம்புவா?" என்று கோமதியே கேட்டாள்.

அடுத்த வாரம் மூலக்கொத்தளம் போனேன். சுடுகாடுதான், ஆனால் மரங்கள் அங்கேதான் நிறைய. ஒரு கல்மேல் உட்கார்ந்து ஒரு வேப்ப மரத்தை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்யும் பெரியவர் வந்து தோளில் கை வைத்தார்.

"யாரு நைனா? அம்மாவா?"

இல்லை என்று சொன்னால் அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்பாரே! தலையை ஆட்டிவிட்டேன். அவர் கண் கலங்கி, எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, தன் அம்மா போன கதையை முழுவதும் சொன்னார். நானும் அழுதேன். வீட்டுக்கு வந்தால் என் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கதையை யார்டில் தேசிங்கிடம் மட்டும் சொன்னேன். தேசிங்கு செக்கர். வெயிலில் நின்று பெட்டி நம்பரைச் சிட்டையில் எழுதி என்னிடம் கொண்டுவந்து கொடுப்பவன். ஊர் எண்ணூர் நெட்டுக்குப்பம். குடும்பத் தொழில் மீன்பிடி. இவன் மட்டும் மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னான்:

"மாமு, சுடுகாட்டுல போயி இயற்கையா? எங்கூருக்கு வா. ஆறு கீது, கடலு கீது, வானம் கீது. எவனும் உன்ன இன்னானு கேக்க மாட்டான். வர ஞாயித்துக்கெழம எங்க அக்கா வூட்டுப் பாடு. படகுல குந்தினு பாத்துகினே இரு, கண்ணு தானா வெளுத்துடும்."

பாடு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில், நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊரில் முறை போட்டிருப்பார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று. அந்த முறைக்குப் பாடு என்று பேர். தன் பாடு அன்றைக்குப் பிடித்தால்தான் உண்டு. விட்டால் ஊர் முழுக்கச் சுற்றித்தான் மறுபடி வரும்.

கிளம்பும்போது கோமதி சொல்லி அனுப்பினாள்: "சும்மா பாத்துட்டு வராத. வரும்போது இறா எதுனா கெடைச்சா கொண்டாந்து சேரு."

போன பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு வந்த பாடு சாதாரணப் பாடு இல்லை என்று. தேசிங்கின் அக்கா அஞ்சலைக்கு ஒரே மகள், ரேவதி. மறுநாள் திங்கட்கிழமை அவளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீடு காசிமேடு. விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி ஆற்றைப் பார்த்து மூக்கைச் சுளித்து, "இந்தச் சேத்துல இன்னா கெடைக்கும்? தவளையா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அஞ்சலை அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. எனக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, மார்க்கெட்டுல வாங்கி வெச்சா அவளுங்களே வித்த இறாவ அவளுங்களுக்கே வெச்ச மாரி ஆவும். எங்க ஆத்துல, எங்க பாட்டுல புடிச்ச இறா. அத்த இலைல குமிச்சு வெக்கணும். தின்னுட்டு அந்த அத்தைக்காரி வாயத் தொறக்கக் கூடாது. அவ்ளோதான் எனுக்கு வேணும்."

அக்கா புருஷன் சொந்தக்காரர்களை அழைக்க ராயபுரம் போயிருந்தார். அதனால் ஆள் குறைவு. படகில் அக்கா, தேசிங்கு, கையில் குடையும் டிபன் பாக்ஸும் வைத்துக்கொண்டு நான்.

அதுவரை நான் ஆற்றை பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு மேல் உட்கார்ந்ததும் எல்லாமே கேள்வியாகிவிட்டது. தூரத்தில் புகைபோக்கிகள், அதன்கீழே அலையாத்திச் செடிகள், சேற்றுத் திட்டில் பறவைகள். தண்ணீர் ஏன் இந்த நேரத்தில் மட்டும் கடலைப் பார்த்து ஓடுகிறது? அந்தப் பறவை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைகளுக்கு மேல் பேசாதவன் அன்றைக்குத் தேசிங்கைத் துளைத்து எடுத்துவிட்டேன்.

"தேசிங்கு, அந்த ரோஸ் கொக்குக்கு என்ன பேரு?"

"வெள்ளைக் கொக்கு, மாமு."

வலை கட்டும் முறை இதுதான். ஆற்றின் குறுக்கே கழிகளை நட்டு, அதில் பை மாதிரியான வலையைக் கட்டுவார்கள். தண்ணீர் வற்றிக் கடலுக்கு ஓடும்போது இறால் அதனோடு வந்து பைக்குள் சேரும். ஓட்டம் நின்றதும் பையின் வாயைக் கட்டித் தூக்கிவிட வேண்டும். அக்காவுக்கு இரண்டு வலை. ஒன்று நாங்கள் நின்ற இடத்தில். இன்னொன்று கொஞ்சம் மேலே, கூப்பிடு தூரத்தில். அதில் ஒரு கழி சாய்ந்து வலை கிழிந்துகொண்டிருந்தது. அக்காவும் தேசிங்கும் சேர்ந்தால்தான் அதை நிமிர்த்த முடியும். இந்த வலைக்கு ஒரு ஆள் காவல் வேண்டும்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தோ பாரு நைனா" என்றார் அக்கா. கழியில் தண்ணீர் மட்டத்தில் பழைய புடவைக் கிழிசல் ஒன்று கட்டியிருந்தது. சிவப்பு. "இந்தத் துணி கடலு பக்கம் இழுத்துகினே இருந்தா, நீ சும்மா குந்தினு உன் இயற்கைய பாரு. இழுப்பு நின்னு தொங்கிச்சா, ஒரே ஒரு கூவு கூவு. வந்து பைய கட்டிடுவோம். கூவலன்னு வெச்சிக்க, தண்ணி திரும்பி வந்து பைய பொரட்டிடும். வந்த இறா வந்த வழியே பூடும். புரிஞ்சிதா?"

"புரிஞ்சுதுக்கா."

"இன்னா?"

"புரிஞ்சுதுக்கா."

"தேசிங்கு, இவுரு இன்னா சொல்றாரு?"

"புரிஞ்சிச்சாம்க்கா."

அங்கேயே அக்கா யோசித்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றபோதே கேட்காத குரலை நம்பி, என்னைச் சேற்றுத் திட்டில் இறக்கிவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதல் பத்து நிமிஷம் சிவப்புத் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துணி விறைப்பாகக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போது என் காலடியில் ஒரு நண்டு கை ஆட்டியது.

கட்டைவிரல் அளவு நண்டு. ஒரு கை கடுகு மாதிரி, இன்னொரு கை அதன் உடம்பைவிடப் பெரிது. அந்தப் பெரிய கையை மேலே தூக்கி, வளைத்து, இறக்கியது. மறுபடியும் தூக்கியது. நான் குனிந்தேன். பக்கத்து வளையிலிருந்து இன்னொன்று. அதுவும் கை ஆட்டியது. இன்னும் குனிந்தேன். ஐந்து, எட்டு, பதினொன்று. ஒரு கூட்டமே என்னைப் பார்த்து, வா வா என்கிறது! என் வாழ்நாளில் இத்தனை பேர் என்னை ஒரே நேரத்தில் வரவேற்றதில்லை. யாரைக் கூப்பிடுகின்றன? ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஆட்டுகிறதே, ஏன்? எல்லாவற்றுக்கும் வலது கைதான் பெரிதா? இல்லை, சிலவற்றுக்கு இடது. எத்தனைக்கு இடது?

எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு வசதியாக நம்பர் போட்டேன். (நான்கு எழுத்து, ஏழு எண்ணெல்லாம் இல்லை. வெறும் நம்பர்தான்.) ஆறாம் நம்பர் சோம்பேறி. ஒன்பதும் பத்தும் சண்டை. நான்காம் நம்பர் சேற்றை அள்ளித் தின்று, சக்கையை உருண்டையாக உருட்டி வரிசையாக வைத்தது. அடடா என்றிருந்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மேலே அவ்வளவு பெரிய வானம். எதிரே ஆறு. தூரமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி, யார்டில் என் எதிரே இருந்த திரை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சேற்றைப் பார்த்து நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. திடீரென்று மூன்றாம் நம்பர் வளைக்குள் போயிற்று. போனது மட்டுமில்லை, ஒரு சேற்று உருண்டையை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது. பிறகு ஏழு. பிறகு பன்னிரண்டு. கடையடைப்பு மாதிரி வரிசையாக மூடிக்கொண்டே வந்தார்கள்.

தண்ணீர் ஏறப்போகிறது என்றால் அந்த நண்டுகள் இப்படித்தான் கதவைச் சாத்துமாம். அந்த ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாவம், என்னைப் பார்த்துக் கூச்சப்படுகின்றன என்று தோன்றியது. கூச்சம் என்றால் எனக்குப் புரியும். புது ஆள் உற்றுப் பார்த்தால் நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவன்தானே. அதனால் அவர்களைத் தொந்தரவு செய்யாமல், மூச்சைக்கூட அடக்கி, சிலை மாதிரி உட்கார்ந்தேன். வெளியே வருவார்கள் என்று காத்திருந்தேன்.

லுங்கி ஈரமாயிற்று. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க மெதுவாக அசைந்து, கடலுக்கு எதிர்ப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

கூவ வேண்டும். வாயைத் திறந்தேன். என்னவென்று கூவுவது? "தேசிங்கு" என்றா? அவன் அக்கா முன்னால் பேரைச் சொல்லிக் கத்தினால் நன்றாகவா இருக்கும்? "அக்கா" என்றால் எந்த அக்கா என்று வேறு படகுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களே. "ஏய்" என்று என் வாழ்க்கையில் நான் யாரையும் கூப்பிட்டதில்லை. தொண்டையில் "க்கும்" என்று ஒரு சத்தம் வந்தது. கூப்பிடு தூரம்தான், கூப்பிடத் தெரிந்தவனுக்கு.

எழுந்து நின்று வலது கையைத் தூக்கி ஆட்டினேன்.

தூரத்தில் தேசிங்கு பார்த்தான். பல் தெரியச் சிரித்தான். இரண்டு கைகளையும் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினான்.

"இன்னா மாமு! ஷோக்கா கீதா?"

நான் தலையை ஆட்டினேன். (ஏன் ஆட்டினேன்? இன்றுவரை தெரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் என் தலை முதலில் ஆடிவிடும்.)

மறுபடி கை ஆட்டினேன், இன்னும் வேகமாக. இப்போது அக்காவும் நிமிர்ந்து பார்த்து, "பாவம்டா, இம்மாஞ் சந்தோசமா கீறாரு" என்றார். தண்ணீர்மேல் குரல் என்ன தெளிவாக வருகிறது! அவரும் ஒரு கை ஆட்டினார். நான் ஆட்டினேன். தேசிங்கு ஆட்டினான். மூன்று பேரும் ஆட்டிக்கொண்டே இருந்தோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. (முழங்கால்.)

எங்கிருந்தோ எனக்குக் குரல் வந்தது. ஆபீஸில் பயந்தபடி அடிக்கடி சொல்லும் ஒரே ஒரு வார்த்தை, அதுதான் வெடித்துக்கொண்டு வந்தது.

"சாஆஆர்ர்ர்!"

திட்டிலிருந்த கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. தேசிங்கு கழியை விட்டான். அக்கா துடுப்பை எடுத்தார். வந்து சேர்ந்தபோது பை உள்வெளியாகப் புரண்டு, கழுவிப் போட்ட தலையணை உறை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அதில் மாட்டியிருந்தவை ஒரு பாலிதீன் கவரும் இரண்டு இறாலும். நிமிர்த்திக்கொண்டிருந்த கழியை அவர்கள் பாதியில் விட்டு வந்ததால் மேல் வலையும் சாய்ந்துவிட்டது. அதையும் தண்ணீர் புரட்டிவிட்டது.

நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று முனகினேன். அக்கா ஆரம்பித்தார்.

"தேசிங்கு, இன்னாத்தடா கூட்டினு வந்துகீற நீ? கண்ணு வைத்தியத்துக்கு வந்தவருக்கு வாயே இல்லியேடா! ஏன் நைனா, ஒரு கூவு. ஒரே ஒரு கூவு. அதுக்கு இன்னா, மேளம் வெச்சு அழைக்கணுமா? ஆனந்தமா ஆட்டிகினு நிக்கிறாரு கைய! நானும் லூசு மாரி ஆட்டினு கீறேன்!"

அதோடு நிறுத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கி அந்தக் காசிமேட்டுக்காரி இலைல இன்னாத்தடா வெப்பேன்? சேறுன்னு சொன்னா. சேத்தத்தான் வெக்கணும்."

தேசிங்கு ஆற்றைப் பார்த்தான். நான் என் கையைப் பார்த்தேன், அதைக் கழற்றிப் போட முடியுமா என்று.

அக்கா சடாரென்று எழுந்தார். படகின் அடியிலிருந்து மூன்று பனையோலைக் கூடைகளை எடுத்தார். குறுகிய வாய் உள்ள சின்னக் கூடை. பறி என்பார்கள். "தண்ணி இடுப்புக்கு வர வரைக்கும் நேரம் கீது. எறங்கு."

என்னிடம் ஒன்றை நீட்டினார்.

"நானாக்கா?"

"பின்ன, உன் நண்டா?"

வலை இல்லாமல் கையால் இறால் பிடிப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மண்டி போட்டு நகர்ந்தபடி இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவ வேண்டும். "இறா முன்னாடி ஓடாது, பின்னாடி தாவும். ஒரு கை முன்ன வெச்சு இன்னொரு கைய பின்ன காவல் வை. இந்தக் காவலயாவது ஒழுங்கா பாரு" என்றுவிட்டு அக்கா பறியைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அதன்பிறகு யாரும் பேச முடியாது. எனக்கு அது ஒன்றுதான் பழக்கமான வேலை.

தண்ணீர் கலங்கல். உள்ளே ஒன்றும் தெரியாது. முதலில் கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. முகத்தை நிமிர்த்தி எங்கோ புகைபோக்கிகளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்க, கைகள் மட்டும் கீழே தனியாக வேலை செய்துகொண்டிருந்தன. நானும் அப்படியே நிமிர்ந்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை மாதங்களில் முதல்முறையாக என் கண்ணுக்கு வேலை இல்லை. சேறு வெதுவெதுப்பாக இருந்தது, கொஞ்சம் ஆழத்தில் சில்லென்று இருந்தது. ஒரு இடத்தில் மணல், ஒரு இடத்தில் களி, ஒரு இடத்தில் கிளிஞ்சல். விரல்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டுப் போயின. இது என்ன, இது என்ன என்று. மேலே வானம் சும்மா இருந்தது. ஒரு பறவை போயிற்று. அது என்ன கலர் என்று நான் யோசிக்கவில்லை.

அப்போது பின்கையில் ஒன்று மோதித் துடித்தது. பிடித்துவிட்டேன். பல்லில் பறி இருந்ததால் கத்தக்கூட முடியவில்லை. உலகத்தில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்த ஒரே தருணம் அது.

தண்ணீர் ஏறி இடுப்புக்கு வந்தபோது கரையேறினோம். (மண்டியிட்டிருந்தவன் எழுந்து நின்றபோது இடுப்பு. கை ஆட்டியபோது முழங்கால். இரண்டையும் குழப்பக் கூடாது.) அக்காவின் பறி முக்கால் நிறைந்திருந்தது. தேசிங்குக்குக் கால் பறி. என்னுடையதைக் கவிழ்த்தார்கள். ஒரு இறால், ஒரு கிளிஞ்சல், பெயர் தெரியாத ஒரு பூச்சி. அக்கா எல்லாவற்றையும் கொட்டி, இத்தனை இலை, இத்தனை இறால் என்று விரல் மடக்கிப் பார்த்தார். இலைக்கு இரண்டு வரும் என்றார். குமித்து வைக்க நினைத்தவர்.

அந்தக் கூட்டத்திலிருந்து என் ஒற்றை இறாலை மட்டும் பிரித்தெடுத்து, ஆலிலையில் மடித்து என் கையில் வைத்தார்.

"வேணாம்க்கா. இலைக்குக் கொறையும்."

"தண்ணில எறங்குனவனுக்குப் பங்கு குடுக்காம அனுப்பக் கூடாது. அது எங்க ஊரு வழக்கம். எடுத்துனு போ, சார்."

அன்றைக்கு நான் அந்த ஊருக்கு "சார்" ஆனேன். இன்றும் அப்படித்தான். ரேவதி கல்யாணத்துக்குப் போனபோது பந்தல் வாசலில் நின்று இருபது பேர் ஒற்றைக் கையைத் தூக்கி, வளைத்து, இறக்கினார்கள். அவள் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, நண்டு மாதிரி ஆட்டுகிறார்கள். கோமதி என்னை எதற்காவது அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால், கூப்பிடாமல் எதிரே வந்து நின்று சிரித்தபடி கை ஆட்டுகிறாள். அடுப்பில் குழம்பு தீய்கிறது என்றாலும் அப்படித்தான். இப்போது என் மகள் செல்போனில் தலையைப் புதைத்துக்கொண்டு கிடந்தால், நான் அவள் எதிரே போய் அதையே செய்கிறேன். "தண்ணி ஏறுதாப்பா?" என்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டு எழுந்து வருகிறாள். டாக்டர் சொன்னதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை. பரிசம் நடந்தது. நான் போகவில்லை. இலைக்கு இரண்டு இறால் வைத்தார்களாம். காசிமேட்டு அத்தை சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்டாராம். இல்லை என்றார்களாம்.

நான் யார்டில் இருந்தேன். பெட்டிகள் வந்தன. மத்தியானம் டப்பாவைத் திறந்தேன். ஒரு இறாலுக்கு மசாலா அரைக்க முடியாது என்று கோமதி உப்புப் போட்டு அவித்து, சோற்றுக்குள் வைத்திருந்தாள். சோறு ரோஸ். இறாலும் ரோஸ். கையால் தடவித்தான் எடுத்தேன்.